வாய்ப்புண்ணுக்கு நாய் என்ன செய்யும்?

கேள்வி: வயது 52, தண்டையார்பேட்டை. எங்கள் நாய்க்கு மூக்குத் தண்டிலும் காது மடலிலும் பொருக்குத் தட்டி, பாதம் வெடித்தது. கால்நடை மருத்துவர் ‘பெம்பிகஸ் ஃபோலியேசியஸ்’ என்றார். எனக்கு இரண்டு மாதமாக வாய்ப்புண். மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளக்ஸ் எதற்கும் கேட்கவில்லை. போன வாரம் நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்கொப்புளம் வந்து உடைந்தது. அக்கி என்று காவி எழுதினோம். நாயின் பிரெட்னிசோலோன் 10 மி.கி. ஸ்டீராய்டு மாத்திரையை நானும் ஐந்து நாள் போட்டேன். குறைந்து, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. இணையத்தில் பார்த்தால் எனக்கும் அதே நோய்தான் போலிருக்கிறது. நாயிடமிருந்து தொற்றியதா? பேரனுக்கும் வருமா? நாயைக் காசிமேட்டுப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பேரன் கன்னத்தில் வெள்ளைத் திட்டு, என் தம்பிக்குத் தலையில் வட்டமாக முடி உதிர்வு. எல்லாம் ஒன்றா?

பதில்: நாயை எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம். பெம்பிகஸ் தொற்றாது. நாயிடமிருந்து உங்களுக்கு வராது, உங்களிடமிருந்து பேரனுக்கும் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் வராது. இதில் கிருமியே கிடையாது. தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதங்களை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. பிடிப்பு விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. மனிதருக்கு அடிபடுவது டெஸ்மோக்ளீன் 1, 3 என்ற புரதங்கள். நாய்க்குப் பெரும்பாலும் டெஸ்மோகாலின் 1 என்ற வேறொன்று. ஒரே வீட்டில் இரண்டும் வந்தால் அது தற்செயல்.

இணையத்தில் நாயைப் பற்றிப் படித்துப் பயந்த நேரத்தில், உங்கள் வாயை ஒரு மருத்துவரிடம் திறந்து காட்டியிருக்கலாம். கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது அந்த இரண்டு மாத வாய்ப்புண்தான்.

சாதாரண வாய்ப்புண் சின்னதாக, வட்டமாக, நடுவில் மஞ்சளாகவும் சுற்றிலும் சிவப்பாகவும் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். வாயையும் தாக்கும் பெம்பிகஸ் வகையான பெம்பிகஸ் வல்காரிஸில் புண் கன்னத்தின் உட்புறம், அண்ணம், ஈறு என்று பரவும். ஓரம் ஒழுங்காக இருக்காது, தோல் உரிந்த மாதிரி சிவந்து கிடக்கும், சாம்பார் பட்டாலே உயிர் போகும். பல பேருக்கு முதலில் வருவது வாயில்தான். உடம்பில் கொப்புளம் வர வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை ‘வயிற்றில் புண்’ என்று கீரை சாப்பிட்டுக் காலம் போய்விடும். கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் மூன்று வாரத்தைத் தாண்டிய வாய்ப்புண்ணைக் கீரையை நம்பி விடக் கூடாது. பெம்பிகஸ் இல்லாவிட்டாலும், வாய்ப் புற்றுநோயாக இருக்குமோ என்று பார்த்தாக வேண்டும்.

அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்டாற்போல வரும். எரிச்சலும் குத்தலும் முன்னாலேயே தொடங்கும். இரண்டு, மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். உங்களுக்கு நெஞ்சு, முதுகு, வாய் என்று பரவியிருக்கிறது. பெம்பிகஸ் கொப்புளம் தளர்ந்து தொளதொளவென்று இருக்கும். துண்டு பட்டாலே உடையும். உடைந்த இடம் ஆறாமல் ஓரத்தில் பெரிதாகும். அந்தத் திறந்த புண்ணில் காவி மண்ணைப் பூசுவது சீழ் பிடிக்க வழி. பூசியதைச் சாதாரணத் தண்ணீரில் தேய்க்காமல் கழுவி விடுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 12 கிலோ நாய்க்கு ஆரம்பத்தில் கிலோவுக்கு 2 மி.கி. வரை, அதாவது 24 மி.கி. கொடுப்பதுண்டு. 60 கிலோ மனிதருக்கு இந்த நோயில் கிலோவுக்கு அரை முதல் ஒரு மி.கி., அதாவது 30 முதல் 60 மி.கி. தேவைப்படும். நீங்கள் போட்ட 10 மி.கி. நோய்க்குப் போதாது, பரிசோதனையைக் குழப்பப் போதும். ஐந்து நாள் என்பதால் நிறுத்தியதில் ஆபத்தில்லை. இனி மருத்துவர் எழுதித் தந்து மூன்று வாரத்துக்கு மேல் போட்டால், நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தன் ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் போடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, சந்தேகப்பட இது போதும். தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை பக்கம்தான். இந்த வாரமே தோல் பிரிவுக்குப் போங்கள். புதுக் கொப்புளம் இருந்தால் உடைக்காமல் போங்கள். இரண்டு சதைத் துணுக்கு எடுப்பார்கள். ஒன்று கொப்புளத்தின் ஓரத்தில், ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டு அனுப்ப. இன்னொன்று பக்கத்தில் நன்றாக இருக்கும் தோலில், தோலைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் பரிசோதனைக்கு. இந்த இரண்டாவதை ஃபார்மலினில் போட்டால் பயனில்லாமல் போகும். தனியார் லேபில் கொடுப்பதாக இருந்தால் இதை வாய்விட்டுக் கேளுங்கள். நாயின் மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நோய் உறுதியானால் ஸ்டீராய்டோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி, 1 கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, இன்று பரவலாகக் கொடுக்கப்படுகிறது. அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி, காசநோய், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். அடங்கிக் கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஊசிக்குப் பிறகு கிளம்பலாம் என்பதால் அந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். அதிகம் உரிந்தவர்களை வார்டில் வாழை இலையில் படுக்க வைப்பதுண்டு. புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி, விலையும் குறைவு. அதைப் பார்த்துப் பழைய வைத்தியம் என்று பயப்படாதீர்கள்.

காய்ச்சல், தண்ணீர்கூட விழுங்க முடியாத நிலை, புண்ணில் சீழ் நாற்றம், கண் சிவந்து எரிவது, ஒரே நாளில் தோல் பரவலாக உரிவது: இதில் எது வந்தாலும் புறநோயாளிகள் நேரத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் புண் வழியாக ஏறும் கிருமியால்தான்.

அதனால்தான் நாயை உங்கள் புண்ணை மட்டும் நக்க விடாதீர்கள். நாயின் தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். நாய்க்கு மருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, இப்போது பார்ப்பவரிடமோ தொடரட்டும். ஸ்டீராய்டு போடும் நாய்க்கு உங்கள் வீட்டு வலி மாத்திரையைக் கொடுத்தால் குடலில் ரத்தம் கசியலாம். நாயிடமிருந்து உண்மையில் மனிதருக்குத் தொற்றும் தோல் நோய்கள் முக்கியமாகச் சொறியும் படர்தாமரையும். இரண்டிலும் அரிப்பு இருக்கும், உங்கள் புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேரன் கன்னத்தில் உள்ள திட்டு லேசான செதிலோடு மங்கலாக இருந்தால், குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவது, தானே போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். பால் மாதிரி வெளேரென்று, ஓரம் தெளிவாக இருந்தால் காட்டுங்கள். தம்பிக்கு இருப்பது புழுவெட்டாக இருக்கலாம். அதுவும் தொற்றாது, சிறு வட்டம் பெரும்பாலும் தானாக முளைக்கும். வெங்காயம் தேய்த்துத் தலையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.