கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: கார்டு பாத்து மானிட்டர் எடு

கேள்வி: அண்ணாச்சி, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு போட்டு பிசி அசெம்பிள் பண்ணியாச்சு, மானிட்டர்தான் பாக்கி. வேலோரண்ட், சிஎஸ் 2ன்னு ஷூட்டிங் கேம்தான் நெறைய வெளாடுதேன், எப்பவாச்சும் கதை கேமும் உண்டு. கடைக்காரவுக 27 இன்ச் 1440பி எடுங்கன்னு சொல்லுதாவ, கூட்டாளிமாரு 24 இன்ச் போதும்லேங்கானுவ. எதை எடுக்க?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, கடைக்காரவுக சொன்னதுல பொய்யில்ல, 27 இன்ச்ல 1440பி பாக்க ஜோராத்தான் இருக்கும், ஆனா அம்புட்டையும் வரையப்போறது உன் கார்டுல்லா. 1080பி-ன்னா திரைல ஏறத்தாழ 20 லட்சம் புள்ளி, 1440பி-ன்னா 37 லட்சம், அப்ப ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், கார்டுக்கு ஒண்ணேமுக்கால் மடங்கு வேலை. வேலோரண்ட் லேசான கேம், அதுலயும் ஓடிரும். கதை கேமைப் போட்டேன்னா நிழலைக் குறை, புல்லைக் குறைன்னு செட்டிங்ஸை இறக்கிக்கிட்டே கெடக்கணும். 2021-ல அந்தக் கார்டை இறக்குனப்ப அதைத் தயாரிச்ச ஏஎம்டிக்காரனே அது 1080பி-க்குன்னுதான் சொன்னான். அதனால என் ஓட்டு 24 இன்ச் 1080பி-க்கு. 27 இன்ச்ல 1080பி மட்டும் எடுத்துராத, அதே புள்ளியைப் பெருசா இழுத்துப் போட்ட கதைதான், எழுத்தெல்லாம் சொரசொரன்னு தெரியும்.

ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு எத்தன தடவை திரைல படம் மாறுதுங்க கணக்கு, அந்த விஷயத்துலதான் நம்மாளுவ ஏமாறுதது. 60 ஹெர்ட்ஸ்ல படம் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா மாறும், 144-ல சுமார் 7, இந்த வித்தியாசம் மவுஸை அசைச்ச உடனே கைக்குத் தெரியும். 180-ல 5.6, 240-ல 4.2, பாத்தியா, நம்பர் மேல போகப்போக ஆதாயம் சுருங்குது, வெலை மட்டும் சுருங்க மாட்டேங்கு. 144-ஓ 165-ஓ 180-ஓ எது மலிவா கெடைக்கோ அதை எடு, 240-க்குன்னு தனியா காசு கொட்டாத.

பேனல், அதாவது திரைத் தகடு, ஐபிஎஸ் வகையா பாரு. விஏ வகைல கருப்பு நல்ல கருப்பா இருக்கும், சினிமா பாக்க அதான் சொகம், ஆனா வெலை கம்மியான விஏ-ல இருட்டு எடத்துல ஆள் ஓடுனா பின்னாலயே ஒரு கருப்புக் கறை இழுத்துக்கிட்டு வரும், ஷூட்டிங் கேமுக்கு அது ஆவாது. அட்டைப்பெட்டில ரெஸ்பான்ஸ் டைம் (புள்ளி நெறம் மாறுத நேரம்) 1 மில்லிசெகண்ட்னு கொட்டை எழுத்துல இருக்கதை நம்பி மயங்காத, பக்கத்துல எம்பிஆர்டின்னு பொடியா போட்டிருந்தா பின்னால இருக்க லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டு எடுத்த கணக்கு அது, வெளிச்சமும் குறையும். ஃப்ரீசிங்க், அதாவது கார்டு படம் குடுக்குத வேகத்துக்கே திரையும் மாறுத வசதி, கட்டாயம் இருக்கணும், உன் கார்டுக்கு அதான் சேரும், என்விடியா கார்டுக்குன்னு வர்ற ஜி-சிங்க் மாட்யூல் வச்சதுக்கு கூட துட்டு குடுக்க வேண்டியதில்ல.

கடைலயே போட்டுப் பாத்து வாங்கு. முழுக் கருப்புப் படம், பொறவு முழு வெள்ளை, ரெண்டுலயும் செத்த புள்ளி இருக்கான்னு மூக்கு ஒட்டுத அளவுக்குப் போயிப் பாரு. கருப்பு போட்டிருக்கப்ப மட்டும் டியூப்லைட்டைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லு, மூலைல வெளிச்சம் கசியுதது அப்பதான் தெரியும். மொனங்குவாவ, மொனங்கட்டும்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாட்டிட்டேன், பழசுக்கும் புதுசுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல, ஏமாத்திட்டானுவளா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: ஏமாத்தலங்க, பாதிப் பேருக்கு இதே கததான். புது மானிட்டரை மாட்டுனாலும் பல நேரம் விண்டோஸ் பாட்டுக்கு 60-லயே நிக்கும். செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு போயி 144-ஐ நீங்களே தேர்ந்தெடுக்கணும். லிஸ்ட்லயே 144 வரலன்னா வயரைப் பாருங்க, பழைய மானிட்டர் எச்டிஎம்ஐ வயரையே மாட்டியிருப்பீய, மானிட்டர்ல எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டா இருந்தா பெரும்பாலும் 120-க்கு மேல போகாது, டிஸ்ப்ளேபோர்ட் வயரை மாட்டுங்க. இன்னொண்ணு, வயரு மதர்போர்டுல சொருகியிருக்கா கீழ கார்டுல சொருகியிருக்கான்னு கேபினெட்டுக்குப் பின்னால ஒருக்கா எட்டிப் பாத்துருங்க. மதர்போர்டுலன்னா நீங்க காசு போட்டு வாங்குன கார்டு பெரும்பாலும் உள்ள சும்மா ஒக்காந்திருக்குன்னு அர்த்தம்.

கேள்வி: மகன் பெரிய மானிட்டர் கேக்கான். கரண்டு பில்லு ஏறிருமோன்னு பயமா இருக்கு.
- இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்

பதில்: அக்கா, 24 இன்ச் மானிட்டர் சுமாரா 25 வாட்தான் எடுக்கும். தினம் நாலு மணி நேரம் ஓடுனாலும் ரெண்டு மாச பில்லுல ஆறு யூனிட்டு. கரண்டைக் குடிக்கது பிசி உள்ள இருக்க கிராஃபிக்ஸ் கார்டு, மேல சொன்ன தம்பியோட கார்டே கேம் ஓடும்போது 130 வாட் கிட்ட இழுக்கும். ஆக நீங்க கேக்க வேண்டியது மானிட்டர் எத்தன இன்ச்னு இல்ல, உங்க மகன் ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வெளாடுதான்னு. மேசை சின்னதா இருந்தா 32 இன்ச் வேண்டவே வேண்டாம், கை நீட்டுத தூரத்துல அம்புட்டுப் பெரிய திரையை வச்சா கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பாக்கணும்.