அந்த 500 கலோரி எங்கே போனது?

கேள்வி: பெண், வயது 34, உயரம் 162 செ.மீ., எடை 74 கிலோ. 64-க்கு வர ஆசை. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். மொபைல் ஆப் ஒன்று எனக்கு தினம் 2,200 கலோரி தேவை, 1,700 சாப்பிட்டால் இளைக்கலாம் என்றது. ஆறு வாரமாக அதன்படிதான் சாப்பிடுகிறேன், எடை அசையவே இல்லை. என் உடம்பில் ஏதாவது கோளாறா?

பதில்: உடம்பைத் திட்டுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1990-இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் பல ஆப்கள் உள்ளே வைத்திருக்கின்றன. எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, பெண்ணாக இருந்தால் இன்னொரு 161 கழிக்க வேண்டும் (ஆணுக்கு 5 கூட்ட வேண்டும்). உங்களுக்கு 1,421 வருகிறது. சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிப்பது இவ்வளவு.

இதை உழைப்புக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கணும், வம்பு அங்கேதான். அரை மணி நேரம் நடக்கிறோமே என்று ‘மிதமான உழைப்பு’ என்பதைத் தொட்டிருப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான், அதற்கு எண் 1.55, அப்போதுதான் 2,200 வரும். உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, அதாவது 1,706. நடைக்கு ஒரு நூறு சேர்த்தாலும் 1,800 தான். ஆக, நீங்கள் குறைத்ததாக நினைக்கிற 500-இல் நிஜமாகக் குறைந்தது 100. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, தாளிக்கும்போது அதை யார் அளக்கிறார்கள்? அந்த நூறும் போச்சு.

இனி 1,400-ஐ இலக்காக வையுங்கள். முதலில் புரதம்: போக நினைக்கிற எடைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது சுமார் 100 கிராம். அதைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். கொழுப்பு 45 கிராம் போதும். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 என்பதால் மீதி 600 கலோரிக்கு 150 கிராம் மாவுச்சத்து. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு 40:30:30 என்றெல்லாம் சதவீதம் பிடித்துத் தொங்க வேண்டாம்.

ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி, அதனால் 1,800-இல் தினம் 400 குறைத்தால் வாரத்துக்கு 350 கிராம்தான் இறங்கும். உப்பு கூடின நாளிலும் மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலும் தண்ணீரே ஒரு கிலோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். தினம் காலையில் பார்த்து வார சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். சரியாக அளந்து ஒரு மாதம் ஆகியும் நகரவில்லையென்றால் அப்புறம் தைராய்டு பரிசோதனைக்குப் போகலாம்.

கேள்வி: வயது 19, எடை 52 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறவில்லை. புரதப் பொடி வாங்கலாமா?

பதில்: ‘எவ்வளவு சாப்பிட்டாலும்’ என்கிறீர்களே, எவ்வளவு? ஒருநாள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அடுத்த இரண்டு நாள் பசியில்லை என்று விட்டுவிடும் ஆட்கள்தான் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள். ஒரு வாரம் எழுதி வையுங்கள், தினசரி சராசரியோடு 300 கலோரி கூட்டுங்கள், எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள். உங்களுக்கு 85 கிராம் புரதம் போதும், சாப்பாட்டிலேயே அது வந்துவிட்டால் பொடிக்கு வேலையில்லை. வாரம் கால் கிலோவுக்கு மேல் ஏறினால் அதில் ஒரு பங்கு தொப்பைக்குத்தான் போகும்.