பிப்ரவரியில் வாங்கிய செடி ஏப்ரலில் ஏன் கருகுகிறது?

கேள்வி: பாலைவன ஊர் ஒன்றில் குடியேறிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு பிப்ரவரி கடைசியிலும் பூத்துக் குலுங்கும் பெட்டூனியா, பான்சி, ஸ்நாப்டிராகன் செடிகளை வாங்கி வந்து நடுகிறேன். ஏப்ரல் பாதிக்குள் இலையோரமெல்லாம் பழுப்பாகிக் கருகிவிடுகிறது. மண் மேல் வெள்ளையாக ஏதோ படிகிறது. தினமும் காலை, மாலை கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், வாராவாரம் யூரியாவும் போடுகிறேன். மண்ணை மாற்ற வேண்டுமா, இல்லை வசந்தகாலப் பூ என்ற ஆசையையே விட வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் நடும் மாதத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

குளிர்நாடுகளில் பனி விலகிய பிறகு நட்டு, வெயில் இதமாக ஏற ஏறப் பூ பார்ப்பார்கள். தோட்டப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்த ஊர்களுக்காக எழுதப்பட்டவை. வெப்பப் பாலைவனத்தில் வசந்தம் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் ஒரு செடி வேர்விட்டு, கிளைத்து, பூக்கவும் வேண்டுமென்றால் எப்படி முடியும்? வேர்விடும் வேலை குளிர்காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். பகல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கும் அக்டோபர், நவம்பரில் விதையுங்கள், அல்லது சிறு நாற்றாக நடுங்கள். (நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தால் ஏப்ரல், மே.) அப்புறம் இன்னொன்று: கடையில் பூத்து நிற்கிற செடியைப் பார்த்து மயங்காதீர்கள். பூ இல்லாத, தண்டு தடித்த குட்டி நாற்றுதான் நல்ல பேரம்.

சரி, அந்த வெள்ளைப் படிவம். அது உப்பு. பாலைவனத்து நீரில் பொதுவாகவே உப்பு அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும்போது மேல் மண் மட்டும்தான் நனைகிறது. தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. இலையோரம் கருகுவதும் பெரும்பாலும் இதனால்தான். விதை முளைக்கும் வரை தினமும் லேசாக நனைப்பது சரி. வேர் பிடித்த பிறகு நாள் இடைவெளி விட்டு, தண்ணீர் 20, 30 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி மெதுவாக விடுங்கள். ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தால் எதுவரை ஈரம் என்று தெரிந்துவிடும். சொட்டுநீர்க் குழாய் போட்டால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை வழக்கத்தைவிட நீண்ட நேரம் தண்ணீர் விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீரை மென்மையாக்கும் கருவி வீட்டில் இருந்தால், அதிலிருந்து வரும் தண்ணீர் செடிக்கு வேண்டாம். பெரும்பாலான கருவிகள் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்க்கின்றன.

யூரியாவை இன்றே நிறுத்துங்கள். அளவு மீறினால் அதுவும் உப்பைப் போலவே வேரைக் கருக்கும். தழைச்சத்து கூடினால் இலை செழிக்கும், பூ குறையும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் அந்தக் கொழுத்த தளிரைத்தான் தேடி வரும். நடுவதற்கு முன்பே நன்றாக மக்கிய கம்போஸ்டை ஐந்தாறு சென்டிமீட்டர் பரப்பி மேல் மண்ணோடு கிளறிவிட்டால், மணல் மண்ணில் ஈரமும் நிற்கும், சத்தும் நிற்கும். சரியாக மக்காத எருவில் உப்பு நிறைய இருக்கும், அதைத் தொடாதீர்கள். நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இளம் இலைகள் மாறினால், அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத்தன்மையால் செடியால் அதை எடுக்க முடியவில்லை. கார மண்ணுக்கென்றே விற்கும் கீலேட் வடிவ இரும்பை (செடி எடுத்துக்கொள்ளும்படி கரைந்தே இருக்கும் இரும்பு) கேட்டு வாங்குங்கள்.

எதை வளர்ப்பது? பெட்டூனியா, ஸ்நாப்டிராகன், அலிசம், காலெண்டுலா, ஹோலிஹாக் எல்லாம் இந்த முறையில் நன்றாக வரும். பான்சி வெயில் ஏறியதும் முதலில் சாயும். அதை மதிய நிழல் விழும் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள். கலிபோர்னியா பாப்பியை நாற்றுவிட்டு நடாதீர்கள், அதன் ஆணிவேருக்கு இடமாற்றம் ஆகாது. நேரடியாகத் தூவி, மண் மூடாமல் லேசாக அழுத்திவிட்டால் போதும். பறவைகள் கொத்தாமல் மேலே ஒரு வலை போடுங்கள். டூலிப்புக்கு ஆசைப்பட்டால், கிழங்கை நடுவதற்கு முன் 12 வாரமாவது ஃபிரிட்ஜில் குளிரவைக்க வேண்டும், அதுவும் ஆப்பிள் போன்ற பழங்கள் பக்கத்தில் இல்லாமல். இவ்வளவு பாடுபட்டும் அடுத்த வருடம் அது பூக்காது. என்னைக் கேட்டால், கிழங்கிலிருந்து வளரும் பூக்களில் ரனன்குலஸும் ஃப்ரீசியாவும் போதும் என்பேன்.

பாலைவனத்தின் சொந்தக் காட்டுப்பூக்களில் சிலவற்றின் விதைத்தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. லேசான தூறலுக்கு அவை அசையாது, நல்ல மழை அதைக் கழுவிய பிறகே முளைக்கும். அப்படிப்பட்ட விதை வாங்கித் தூவிவிட்டு ஒரு மாதம் ஒன்றும் வரவில்லையென்றால் பதறாதீர்கள், தாராளமாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

மார்ச்சில் வாடிய பூக்களை விதையாகும் முன் கிள்ளிக்கொண்டே இருங்கள். பெட்டூனியா நீண்டு ஓடினால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள், திரும்பக் கிளைத்துப் பூக்கும். மதியம் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெக்கை, தாகமில்லை. உடனே குழாயைத் திறக்காதீர்கள். 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டினால் இன்னும் சில வாரம் தாங்கும். அதற்கு மேல் இழுத்துப் பிடிக்க நினைப்பது தண்ணீர் விரயம். இவை பெரும்பாலும் ஒரு பருவச் செடிகள், மே மாதம் காய்வது உங்கள் குறையல்ல.

ஏப்ரலில் சில செடிகளைக் கிள்ளாமல் விட்டு, காய்ந்த விதையைக் காகித உறையில் எடுத்து வையுங்கள். அப்புறம் பாத்தியை நனைத்து, தெளிவான பிளாஸ்டிக் தாளால் நாலு முதல் ஆறு வாரம் இறுக்கமாக மூடிவிடுங்கள். கோடை வெயில் களை விதைகளையும் வேர்ப்புழுக்களையும் பெருமளவு கொன்றுவிடும். மண்ணில் உதிர்ந்த பூவிதையும் அதோடு போய்விடும், அதனால்தான் முதலில் சேகரிக்கச் சொன்னேன். செப்டம்பரில் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டு உப்பை இறக்கி, கம்போஸ்ட் கலந்து பாத்தியைத் தயாராக்கிவிடுங்கள்.