ஆறு நகர்ந்தால் அரசியலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேல்மடைக்காரருக்கு முதலில் தண்ணீர், கடைமடைக்காரருக்கு மிச்சம். இந்த ஏற்றத்தாழ்வு மனிதர் வருவதற்கு முன்பே ஆற்றில் இருக்கிறது. அப்படியானால் மனிதரே இல்லாவிட்டாலும் ஆறு அரசியல் உடையதுதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேடு பள்ளம் இயற்கையின் வேலைதான். ஆனால் மேல்மடை, கடைமடை என்ற சொற்களே பாசனம் செய்கிறவர்களின் சொற்கள். தண்ணீரை ஒருவர் மறிக்க, 'ஏன் மறித்தாய்?' என்று இன்னொருவர் கேட்கும்போதுதான் அரசியல் தொடங்குகிறது. வேறு மாதிரி செய்ய முடிந்தவரிடம்தான் அப்படிக் கேட்க முடியும். ஆற்றிடம் முடியாது.

ரியோ கிராண்டேயைப் பாருங்கள். 1848-ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் அந்த ஆற்றின் நடுவே எல்லை வகுத்தன. ஆற்று வளைவில் வெளிக்கரை அரிபடும், உட்கரையில் வண்டல் சேரும். அடியில் மண் கரைய, மேலே ஒரு மண்கட்டி விரிசல் விட்டுத் தண்ணீரில் சரியும். எல்லை என்ற பேச்சே இல்லாத காலத்திலும் அது அப்படித்தான் சரிந்துகொண்டிருந்தது. 1848-க்குப் பிறகோ, ஆறு தெற்கே நகர நகர, அமெரிக்காவின் எல் பாசோ நகருக்கு அருகே சமிசால் என்ற சுமார் 600 ஏக்கர் நிலம் மெக்சிகோ கரையிலிருந்து அமெரிக்கக் கரைக்கு வந்துவிட்டது.

விதி இதுதான்: ஆறு மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், வெள்ளத்தில் திடீரென்று புதுத்தடம் வெட்டிக்கொண்டால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். ஆக, இரண்டு நாடுகளும் ஆறு எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று வழக்காடின!

இங்கே உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நகராத மலை எல்லையாக இருந்திருந்தால் இந்த வழக்கு வந்திருக்காது. சண்டை எந்த வடிவில் வரும் என்பதில் பொருளின் இயல்புக்கும் பங்கு உண்டு. அதற்காக ஆறே அரசியல் செய்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால், முடிவெடுத்தவர்கள் 'எல்லாம் ஆற்றின் போக்கு' என்று கைகழுவிவிடுவார்கள்.

1911-ல் நடுவர் குழு தந்த தீர்ப்பை ஏற்க மறுத்தது அமெரிக்க அரசு, ஆறு இல்லை. 1963-ல் ஒப்பந்தமாகி, சமிசாலின் பெரும்பகுதி மெக்சிகோவுக்குத் திரும்பியது. அங்கே குடியிருந்த ஆயிரக்கணக்கானோர் வீட்டைக் காலி செய்தார்கள். அப்புறம் ஆற்றை ஒரு கான்கிரீட் கால்வாய்க்குள் திருப்பிவிட்டார்கள். இனி அது அங்கே நகர முடியாது.