கான் செக்கோவை எப்படி அடையாளம் கண்டான்?

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர்களுக்குள் தீராத சண்டை இது. தொடரையொட்டி வந்த 1982 படத்தில், விண்கப்பல் அதிகாரி செக்கோவைப் பார்த்ததும் "முகத்தை நான் மறப்பதில்லை" என்கிறான் வில்லன் கான். ஆனால் தொடரில் கான் வந்த அத்தியாயம் முதல் சீசனில், 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் சேர்ந்ததே இரண்டாம் சீசனில்தான். நேரடியாகச் சொன்னால், திரைக்கதையில் விழுந்த ஓட்டை.

ஆனாலும் ரசிகர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. செக்கோவ் வரும் 'கேட்ஸ்பா' அத்தியாயத்தின் விண்நாள் (கதைக்குள் தேதியைக் குறிக்கும் எண்) 3018. கான் கதையின் விண்நாள் அதற்குப் பிந்தைய 3141. ஆக, கதைக் கணக்குப்படி செக்கோவ் அப்போதே கப்பலில் இருந்தவர், கேமரா முன்னால் வரவில்லை, அவ்வளவுதான். (விண்நாள் எண்களைத் தொடரே ஒழுங்காகப் பின்பற்றியதில்லை என்பது வேறு விஷயம்.)

கோனிக் சொல்லும் வேடிக்கை விளக்கம்தான் எனக்குப் பிடித்தது: கப்பலில் கழிப்பறைக்கு வெளியே கானை வெகுநேரம் காக்க வைத்தாராம் செக்கோவ். அந்தக் கடுப்பில் முகம் மறக்குமா?