ரப்பர் பாலில் ஊற்றும் அமோனியாத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வெயிலில் கேன் ஏன் உப்புகிறது?

களியக்காவிளைப் பக்கம் பால்வெட்டு உள்ள வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த நெடியை மறக்க முடியாது. சிரட்டையில் விழுந்த பாலில் பாக்டீரியா பெருகி அமிலம் உண்டாக்கும். சில மணி நேரத்தில் பால் உறைந்துவிடும். அமோனியா அந்த இரண்டையும் தடுக்கிறது.

முதலில் அமோனியா வாயு. காற்றிலிருந்து நைட்ரஜன், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன். இரண்டையும் இரும்பு வினையூக்கியின் மேல் 400 முதல் 500 டிகிரி சூட்டில், நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்தில் சேர்ப்பார்கள். கொச்சிக்குப் பக்கத்தில் உத்யோகமண்டலில் இருக்கும் ஃபேக்ட் உர ஆலை 1947-இல் உற்பத்தி தொடங்கியபோது ஹைட்ரஜனுக்கு விறகைத்தான் எரித்தார்களாம்!

அப்புறம் அந்த வாயுவை உப்பு நீக்கிய தண்ணீரில் கரைப்பார்கள். கேட்க எளிது. ஆனால் கரையும்போது நன்றாகச் சூடு கிளம்பும், சூடான தண்ணீரில் வாயு நிற்காது. அதனால் குளிர்வித்துக்கொண்டே கரைக்க வேண்டும். சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் 25 சதவீதக் கரைசல். தண்ணீரைவிட லேசானது: 35 லிட்டர் கிட்டத்தட்ட 32 கிலோதான் இருக்கும். எடை கூடினால் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

கேன் உப்புவதும் இதே கதைதான். வெயில் பட்டால் கரைந்த வாயு வெளியே வரப் பார்க்கும். நிழலில் வையுங்கள், கொஞ்சம் இடம் விட்டு நிரப்புங்கள், மூடியை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள். பித்தளைக் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம், அரித்துவிடும்.