தமிழ் ஊர்ப்பெயர்களைச் சரியாக அடுக்க, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் மெத்தடை எப்படி மேம்படுத்துவது?

உங்கள் குழுவின் லைப்ரரியில் உள்ள அடுக்கும் மெத்தட் ஊர்ப்பட்டியலைத் தமிழ் அகர வரிசையில் தருவதில்லை, பழைய பக்கங்கள் கெடாமல் அதைத் திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் நெல் கொள்முதல் பதிவுக்கான வலைப்பக்கங்கள் எழுதுகிறவன் என்பதால் இது எனக்கு அன்றாட வேலை.

ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலை அடுக்கும் மெத்தடான சார்ட் (sort), ஒப்பிட வழி எதுவும் சொல்லாவிட்டால், எழுத்துகளின் யூனிகோட் எண்ணை மட்டுமே பார்க்கும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பழைய எழுத்துக்குறியீடான இஸ்கியின் அடுக்கை யூனிகோட் பின்பற்றியதால் ‘ன’ அங்கே ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது. நம் வரிசையிலோ அது மெய்களில் கடைசி. அதனால்தான் மயிலாடுதுறைக்கு முன்னால் மன்னார்குடி வந்துவிடுகிறது. புள்ளியும் இப்படித்தான்: அதன் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது. ஆகவே திருபுவனம் முதலில், திருப்பனந்தாள் பிறகு. அகராதியில் ‘ப்’தானே முன்னால் வர வேண்டும்? ‘திரு’வில் தொடங்கும் ஊர்கள் இவ்வளவு நிறைந்த டெல்டாவில், தன் ஊரைத் தேடும் விவசாயிக்கு இது சின்னச் சிரமம் இல்லை.

தீர்வு, மொழிக்கேற்ற வரிசையில் சொற்களை ஒப்பிட ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டில் கொலேட்டர் (Intl.Collator). மொழிக்குறியாகத் தமிழைக் கொடுத்து ஒரே ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு, அதன் ஒப்பிடும் மெத்தடான கம்பேரை (compare) சார்ட்டிடம் கொடுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் இதே ஒப்பீட்டைச் செய்யும் லோக்கேல்கம்பேரை (localeCompare) அழைப்பது பெரிய பட்டியலில் மெதுவாகும். எண்களை எண்களாகவே ஒப்பிடும் நியூமெரிக் (numeric) விருப்பத்தையும் சேர்த்துவிட்டால் ‘வார்டு 10’, ‘வார்டு 2’க்குப் பின்னால் வரும்.

மெத்தடின் இயல்பான நடத்தையை மட்டும் மாற்றாதீர்கள். அடுக்கிய பட்டியலில் பைனரி சர்ச் (வரிசையை நம்பிப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) செய்யும் பக்கம் எங்காவது இருந்தால், வரிசை மாறியதும் அது இருக்கிற ஊரையே இல்லை என்று சொல்லும். அதனால் மொழியை இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக, விருப்பமாக வையுங்கள்; கொடுக்காதவர்களுக்குப் பழைய விடையே போகட்டும். சார்ட் மூலப் பட்டியலையே மாற்றும் என்பதையும் இப்போது தொட வேண்டாம். நகல் தேவையென்றால் தனி மெத்தட் எழுதலாம்.

அப்புறம், எல்லாப் பட்டியல்களுக்கும் பொதுவான மெத்தட்கள் இருக்கும் அர்ரே புரோட்டோடைப்பில் (Array.prototype) எதையும் ஒட்டவே ஒட்டாதீர்கள். மூடூல்ஸ் (MooTools) என்ற பழைய லைப்ரரி, பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களை ஒன்றாக்கும் தன் சொந்த ஃப்ளாட்டனை (flatten) அங்கே வைத்திருந்தது. அதே பெயரில் புது மெத்தட் மொழிக்குள் வந்தால் பழைய தளங்கள் உடையும் என்று 2018-ல் தெரிந்து, ஜாவாஸ்கிரிப்ட் தரக்குழு புது மெத்தடின் பெயரை ஃப்ளாட் (flat) என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு லைப்ரரி எடுத்த முடிவு மொழியையே கட்டிப்போட்டது.

மேலே சொன்ன இரண்டு ஊர் இணைகளையும் டெஸ்ட்டில் போடுங்கள். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node.js) 13-க்கு முந்தைய பதிப்பாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அவற்றின் வழக்கமான பில்டில் ஆங்கிலத்துக்கான மொழித்தரவு மட்டும்தான் உண்டு.